கிணறு கெடுமுன் கேட்கவேண்டிய கேள்வி

(வலிகாமத்தில் கமக்காரரும் தொழிலறிஞரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலிக்கும் கிணற்றுப் பங்குக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்த மக்கள் நாம். எமது காணி உறுதிகளை விரித்துப் பாருங்கள். நிலத்தின் பரப்பையும் நான்கெல்லையையும் கூறிய பின்னர், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு என்றும் வழி வாய்க்கால் உரிமை என்றும் நொத்தாரிசு எழுதியிருப்பார். ஒரு துளி நீரும் அயலானுக்குத் தவறிப் போகாதவாறு எமது முன்னோர் காவல் செய்தனர்.

ஆனால், உறுதியில் எழுதிய பங்கு கிணற்றின் கட்டோடு நின்றுவிடுகின்றது. நிலத்தின் கீழுள்ள நீருக்கு எல்லைக்கல் இல்லை, வேலியும் இல்லை. அயற் காணியில் ஊற்றப்பட்ட எண்ணெய் எமது உறுதியைப் படித்துப் பார்த்து எல்லையில் நின்றுவிடுவதில்லை. இவ்வுண்மையைச் சுன்னாகம் எமக்குக் கற்பித்தது. மின்சாரமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்னும் மக்கள், இவ்விரண்டையும் சட்டத்தின் துணைகொண்டு காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய பொருளாகும்.

எமது நிலத்தின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழையே எமது ஆறு. அம்மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடலிலிருந்து உள்ளே ஊடுருவி நிற்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக அந்த நன்னீர் மிதக்கின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தச் சுண்ணாம்புக் கல்லின் விந்தைகளே. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் வாழையும் விளைவது இந்நீரினால். எமது பிள்ளைகள் குடிப்பதும் இந்நீரையே.

மணலில் வடிந்து செல்லும் நீர் மெல்லச் செல்லும். செல்லும்போதே ஓரளவு தூய்மையும் அடையும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பில் ஓடும் நீருக்கு அந்த வடிகட்டல் இல்லை. ஆதலின், இங்கே ஓரிடத்தில் கொட்டப்படும் நஞ்சு பலவிடங்களில் வெளிப்படும். எண்ணெயைக் கொண்டு மின்சாரம் ஆக்குவதற்கு எந்த நிலம் மிகவும் பொருத்தமற்றது என்று கேட்டால், எமது நிலமே என்று விடை கூறலாம்.

அப்படியாயின், அங்கே மின் நிலையம் ஏன் வந்தது? போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் இங்கேயே மின்சாரத்தை ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தேவை உண்மையானது, அதனை நாம் மறுக்கவில்லை. தேவையைக் காரணமாகக் காட்டிக் காவலைத் தளர்த்தலாமா என்பதே கேள்வி.

சுன்னாகம் சொன்ன தீர்ப்பு

சுன்னாகத்தில் தனியார் கம்பனி ஒன்று எண்ணெயால் இயங்கும் அனல் மின் நிலையத்தை நடத்தி, இலங்கை மின்சார சபைக்கு மின்சாரத்தை விற்றுவந்தது. சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நீரைச் சோதித்து, பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருப்பதைக் கண்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ மக்களின் அச்சத்துக்கு மாறான முடிவைத் தெரிவித்தது. ஒரே கிணற்று நீரைப் பற்றி அரச அமைப்புகளே இரு வேறு மொழி பேசின. குடிக்கலாமா கூடாதா என்று அறியாமல் மக்கள் தவித்தனர்.

2015 சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தும் இடைக்காலக் கட்டளையைப் பிறப்பித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்திலும் அடிப்படை உரிமை மனு தாக்கலாகியது. அதனைத் தாக்கல் செய்தவர் சுன்னாகத்தில் காணி உடையவர் அல்லர். சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ஒரு சிங்களப் பெருமகன். வழக்காட அவருக்கு உரித்துண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. தண்ணீரின் நியாயத்துக்கு மொழியும் மாகாணமும் தடையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2019 ஏப்ரல் 4 ஆம் நாள் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன அவர்கள் எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. நீர் வழங்கல் சபையின் ஆய்வையே நீதிமன்றம் நம்பியது. மாசுபடுத்தியவனே அதன் செலவைத் தாங்கவேண்டும் என்ற விதியைப் பிரயோகித்து, கம்பனி 2 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. கண்காணிக்கவேண்டிய அரச நிறுவனங்கள் தமது கடமையில் தவறியதையும் எடுத்துரைத்தது. அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகவே தொடரப்படுவது. எனினும், அரசின் அனுமதியோடும் அசட்டையோடும் பிணைந்து நிற்கும் தனியார் கம்பனியும் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இது போற்றத்தக்க தீர்ப்பு. சட்டம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய தீர்ப்பு. ஆயினும், ஒரு கணக்கைப் பாருங்கள். 2 கோடி ரூபாவை 500 கிணற்றுக்காரருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 40,000 ரூபா வரும். நாற்பதாயிரம் ரூபாவால் ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யலாம். அக்கிணற்றுக்கு நீரூட்டும் கல்லின் வெடிப்பைக் கழுவ முடியுமா? நீதிமன்றம் பணத்தை வாங்கித் தரலாம். பழைய ஊற்றை வாங்கித் தர அதனால் இயலாது.

எப்பாவல சொன்ன தீர்ப்பு

இதே உயர் நீதிமன்றம், இதே அடிப்படை உரிமை அத்தியாயத்தின் கீழ், 2000 ஆம் ஆண்டில் வேறொரு தீர்ப்பை வழங்கியது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் உள்ள பொஸ்பேற்றுப் படிவை அந்நியக் கம்பனி பங்குகொண்ட கூட்டு முயற்சியிடம் ஒப்படைக்க அரசாங்கம் ஒப்பந்தம் ஒன்றை வரைந்திருந்தது. அவ்வூர் மக்கள் மண்வெட்டி விழுமுன்னரே நீதிமன்றம் சென்றனர். அவர்களுள் கமக்காரரும் இருந்தனர். நீதியரசர் அமரசிங்க அவர்கள் எழுதிய தீர்ப்பு, விரிவான ஆய்வு நடந்து அதன் முடிவு வெளியிடப்பட்டு, சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் பெறப்படும்வரை ஒப்பந்தம் செய்யலாகாது என்று தடுத்தது. அந்த மக்களின் வீடும் வயலும் குளமும் அவ்வொப்பந்தத்திலிருந்து தப்பின.

இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றம் மக்கள் பக்கமே நின்றது. ஒன்றில் மக்கள் நிலத்தைக் காத்துக்கொண்டனர்; மற்றையதில் நட்டஈடு பெற்றனர். வேற்றுமை சட்டத்தில் இல்லை, காலத்தில் இருக்கின்றது. எமது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை, உரிமை மீறப்பட்ட பின்னர் மட்டுமன்று, மீறப்படவிருக்கும் தறுவாயிலும் நீதிமன்றம் செல்ல இடமளிக்கின்றது. எப்பாவல மக்கள் பயன்படுத்திக்கொண்டது அந்த ஒரு சொல்லையே. இன்று நாம் உங்களிடம் கூறவந்ததும் இதுவே: எரிசக்தித் திட்டங்களின் விடயத்தில் சட்டத்தின் பலம் தொடக்கத்தில் இருக்கின்றது, முடிவில் இருப்பது ஆறுதல் மாத்திரமே.

சட்டத்தின் வாயில்களும் ஓட்டைகளும்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதனை 1988 இல் திருத்திய 56 ஆம் இலக்கச் சட்டமும் இரண்டு வாயில்களை அமைத்தன. முதலாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீடு. குறித்த பெருந்திட்டங்கள் தொடங்குமுன் அவற்றால் விளையும் நன்மை தீமைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதவேண்டும். அவ்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துக் கூறுவதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. இரண்டாவது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். கழிவை வெளியேற்றும் தொழில் எதுவும் அவ்வுரிமத்தைப் பெற்று, அதன் நிபந்தனைகளுக்கு அடங்கியே நடக்கவேண்டும். இவ்வுரிமம் குறித்த காலத்துக்கே செல்லும். காலம் முடிந்ததும் புதுப்பிக்கப்படவேண்டும்.

வாயில்கள் நல்லவையே. ஆனால் ஓட்டைகளையும் அறிந்துகொள்ளுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால், திட்டக்காரர் சுற்றாடல் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று 1988 இன் திருத்தம் வகுத்தது. அனுமதி வழங்கப்பட்டால் ஊரவருக்கு அத்தகைய மேன்முறையீடு இல்லை. கம்பனிக்குக் கந்தோர்ப் படி திறந்திருக்க, கமக்காரன் எழுத்தாணை கோரிக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருக்கின்றது. இஃது எந்த வகை நியாயம்?

அடுத்து, அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துள் தாக்கல் செய்யவேண்டும் என்று அதே 126 ஆம் உறுப்புரை கூறுகின்றது. பொலிசு அடித்த அடிக்கு நாள் குறிக்கலாம். நிலத்தடியில் எண்ணெய் பரவிய நாளை யார் குறிப்பது? நீர் கறுப்பதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லலாம். மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு இந்த ஒரு மாதக் கணக்குப் பொருந்தாது. இதனைத் திருத்துமாறு பாராளுமன்றத்தைக் கோருவது எமது கடன்.

மேலும், சுற்றாடலைக் காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அக்கடமையை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த இயலாது என்று 29 ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஒரு கையால் ஈந்ததை மறு கையால் பறிப்பது போன்றதன்றோ இது! நீதியரசர்கள் தமது அறிவினாலும் துணிவினாலும் 27 ஆம் உறுப்புரைக்கு உயிரூட்டி வருகின்றனர். மக்களின் தண்ணீர், நல்ல நீதியரசர் வாய்க்கும் நற்பேற்றில் தங்கியிருக்கலாகாது. தூய நீருக்கான உரிமை அரசியலமைப்பில் நேரடியாக எழுதப்படவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, பொறுப்புப் பிரிந்து கிடப்பதாகும். மின்சாரத்தை வாங்குவது ஒரு சபை. முதலீட்டை அழைப்பது இன்னொரு சபை. உரிமம் வழங்குவது வேறோர் அதிகார சபை. நீரைச் சோதிப்பது மற்றொரு சபை. கேட்கப்போனவனை ஒருவர் மற்றவரிடம் அனுப்புவார். மின்சாரத்தை வாங்கும் சபையே உரிமம் நடைமுறையில் இருக்கின்றதா என்று பார்த்துப் பணம் கொடுக்கவேண்டும் என ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தால் போதும். உரிமமின்றி எந்த இயந்திரமும் ஒரு நாளேனும் ஓடாது.

சம்பூரும் மன்னாரும்

எண்ணெய் போய்க் காற்றும் வெயிலும் வந்துவிட்டால் இத்தொல்லைகள் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டனர். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் மண் அது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருக்கையில், 2016 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. அதே சம்பூரில் சூரிய ஒளி மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. நிலக்கரியிலும் வெயில் நன்று, ஐயமில்லை.

ஆனால் மன்னாரைப் பாருங்கள். அங்கே காற்றாலைகளால் புகை இல்லை, எண்ணெய் இல்லை. எனினும், அத்தீவு தாழ்ந்த மணற்றிட்டு. தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்குமிடம். மழைநீர் வடியும் வழி அடைபடுகின்றது என்றும் மீன்பிடித் தொழில் கெடுகின்றது என்றும் மக்கள் முறையிட்டு, 2025 ஆகஸ்டில் வீதியில் இறங்கினர். பசுமை என்று பெயர் சூட்டிவிட்டால் மக்களைக் கேட்கவேண்டிய கடமை நீங்கிவிடாது. நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தை 2030 அளவில் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசு அறிவித்த இலக்கு. அவ்விலக்கை நாம் வரவேற்கின்றோம். அவசரத்தின் பேரால் 30 நாள் அவகாசத்தையும் விசாரணையையும் சுருக்க முயன்றால் அதனை எதிர்ப்போம்.

நாம் செய்யவேண்டியவை

அன்பர்களே! குறை கூறிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. செய்யவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகின்றோம்.

ஊர்தோறும் ஒரு நீர்ப் பதிவேடு தொடங்குங்கள். இன்ன கிணறு, இன்ன நாள், நீரின் நிறம், மணம், சோதனையின் முடிவு என்று எழுதி வையுங்கள். திட்டம் வருமுன் நீர் நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று இல்லையேல், பின்னர் அது கெட்டது என்பதை நாட்டுவது அரிது. வாய்ச்சொல்லிலும் பழைய கொப்பி ஒன்று நீதிமன்றத்தில் எடுபடும்.

வர்த்தமானியையும் பத்திரிகை அறிவித்தல்களையும் படிக்கும் பொறுப்பை ஊருக்கு ஒருவர் ஏற்கவேண்டும். 30 நாள் விரைந்து ஓடிவிடும். அறிக்கை தமிழில் இல்லையேல், அதனையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள். விளங்காத மொழியில் கருத்துக் கேட்பது கேளாமைக்குச் சமம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளுங்கள். உங்கள் ஊரிலுள்ள ஆலைக்கு உரிமம் உண்டா? அது முடிவது எப்போது? நிபந்தனைகள் எவை? இறுதியாகச் சோதித்தது எந்நாள்? இவற்றை எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாள்களுள் தீர்மானிக்குமாறு சட்டம் அலுவலரைப் பணிக்கின்றது.

கெடுதி தொடங்கிவிட்டதாயின், அண்மையிலுள்ள நீதவான் நீதிமன்றத்தை மறவாதீர்கள். பொதுத் தொல்லையை அகற்ற 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் அளித்திருக்கின்றது. சுன்னாகத்து இயந்திரங்களை முதலில் நிறுத்தியது கொழும்பு அன்று, மல்லாகம்.

வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! கமக்காரனிடம் கிணறு இருக்கின்றது. உங்களிடம் கல்வி இருக்கின்றது. அறிக்கையை வாசித்து அவனுக்கு விளக்கும் கடமை உங்களுடையது. ஆட்சேபத்தை எழுதும் கடமை எம்போன்ற வழக்கறிஞருடையது. கூலி கேளாது இதனைச் செய்ய முன்வருவோமாக.

மின்சாரம் ஒரு நாள் தடைப்பட்டால் விளக்கேற்றி இருக்கலாம். கிணறு கெட்டால் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த திட்டத்தின் அறிவித்தல் வரும் நாளில், அதன் முதற் பக்கத்தை வாசித்துக் கேள்வி கேட்கும் மக்களாக நாம் இருப்போம்.