மோட்டார் வண்டியின் எரிபொருள் மானி: பழுதறிதலும் திருத்துதலும்

(தீவகப் பகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நெற்பயிரின் நோய்களையும் கத்தரியைத் தாக்கும் பூச்சிகளையும் பற்றிப் பேசுவதே எமது வழக்கம். இன்று வண்டியின் நோயொன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். விளைந்த காய்கறி வேளைக்குச் சந்தை சேராவிடின் பயிரைப் பாதுகாத்ததனால் வந்த பயன் யாது?

வேலணைக் கமக்காரர் ஒருவர் 1950களில் வந்த ஆஸ்ரின் வண்டியொன்றை இன்றும் வைத்திருக்கிறார். அவர் கத்தரிக்காய் மூடைகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் திருநெல்வேலிச் சந்தைக்குப் புறப்பட்டார். மானியின் முள், தாங்கி நிறைந்திருப்பதாகக் காட்டியது. ஆயினும் பண்ணைப் பாலத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டது. தாங்கியிற் பெற்றோல் இல்லை. கலனுடன் பட்டணத்துக்கு நடந்து சென்று மீண்டபோது சந்தை கலைந்துவிட்டது. மானியே பழுதென எண்ணி, அவர் வேறொரு மானியை வாங்கிப் பூட்டினார். அதுவும் நிறைவென்றே காட்டியது. பழுது மானியிலன்று, தாங்கியின் புவித்தொடுப்புத் துருவேறியிருந்ததே காரணம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் தீவுகளில், உப்புக் காற்று முதலிற் பற்றுவது இத்தகைய தொடுப்புக்களையே. ஆதலால் மானியை வாங்குமுன் தொடுப்பைப் பாருங்கள் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

மானி இயங்கும் முறை எளிது. தாங்கியினுள் மிதவையொன்று எரிபொருளுடன் ஏறி இறங்கும். அதன் கை ஒரு மின்தடையின்மேல் நகர்ந்து, மின்னோட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும். அம்மின்னோட்டம் கம்பி வழியே முன்பலகையிலுள்ள மானியின் முள்ளை அசைக்கிறது. தாங்கி வண்டியின் இரும்புடலோடு நன்கு தொடுத்திருந்தாலன்றி இச்சுற்று முற்றுப்பெறாது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடொன்றுண்டு. 1950களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலுள்ள காந்தச் சுருள் மானியில், கம்பி அறுந்தாலும் புவித்தொடுப்புக் கெட்டாலும் முள் நிறைவைக் காட்டும். 1960களின் நடுவிலிருந்து பரவிய, வெப்பத்தால் வளையும் ஈருலோகத் தகடுடைய மானியிலோ, அதே பழுது வெறுமையைக் காட்டும். பின்னையது வீண் கவலை தருவதோடு நிற்கும்; முன்னையதே உங்களை நடுவழியில் நிறுத்துவது.

சோதனைக்கு முன் சில எச்சரிக்கைகள். பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்திலுள்ள நெருப்பையும் பற்றும். ஆகவே வெளியான இடத்தில், சுருட்டும் விளக்கும் அருகில் இல்லாமல் வேலை செய்க. கம்பிகளைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் சாவி அணைந்திருத்தல் வேண்டும்.

முதலில், தாங்கியின் மிதவைக் கருவி மூடியிலிருந்து வண்டியுடலின் சுரண்டித் துலக்கிய இடமொன்றுக்குத் தற்காலிகக் கம்பியொன்றைப் பூட்டுங்கள். அதன்பின் சாவியைத் திருப்பிப் பாருங்கள். முள் சரியான அளவுக்கு வந்தால் நோய் தெரிந்துவிட்டது. பழைய தொடுப்பைக் கழற்றி, உப்புத்தாளால் மினுங்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் தடவுங்கள். மாரிக்கு முன்னொரு தடவையும் பின்னொரு தடவையும் இதைப் பார்த்துக்கொள்வது நன்று.

அதனாற் குணமாகாவிடின், மிதவைக் கருவிக்கு வரும் கம்பியைக் கழற்றி, முனை எதிலும் படாமல் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். பழைய மானி நிறைவையும் பிந்திய மானி வெறுமையையும் காட்ட வேண்டும். பின் சாவியை அணைத்து, அம்முனையைச் சிறு மின்குமிழொன்றினூடாக வண்டியுடலிற் தொடுத்து, மறுபடியும் கணநேரம் திருப்பினால் முள் எதிர்ப்புறம் செல்ல வேண்டும். இவ்வாறு அசையுமாயின் மானியும் கம்பியும் நலமே. குற்றம் தாங்கியினுள் இருக்கிறது. அசையாவிடின் உருகியையும் கம்பியையும் பார்த்தபின்னரே மானியைச் சந்தேகிக்க வேண்டும். பிந்திய வண்டிகளில் வெப்பமானியும் எரிபொருள் மானியும் ஒருங்கே பிழை காட்டினால், இரண்டுக்கும் ஏறத்தாழ 10 வோல்ற்று மின்னைச் சீராக வழங்கும் சிறு கருவியை ஆராய்க. அண்மைக்கால வண்டிகளில் மானி கணினி வழியாக இயங்குவதால் இச்சோதனையைச் செய்யலாகாது.

மிதவைக் கருவியை வெளியே எடுக்க, தாங்கியில் எரிபொருள் குறைந்திருத்தல் வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டுங்கள்; உள்ளே சலசலத்தால் அது ஓட்டை. பெற்றோல் புகுந்த மிதவைக்கு வீட்டில் ஈயம் ஒற்ற முயலாதீர்கள், அது வெடிக்கக்கூடும், புதியதை மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது சைக்கிள் ரியூப்பை வெட்டி அடைப்பாக வைப்பாரும் உளர். அந்த இறப்பர் பெற்றோலில் ஊதி இளகிவிடும். எரிபொருளுக்கென்றே செய்த அடைப்பு வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையிற் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கும், 2022இல் கியூஆர் முறைப்படி பங்கீடு பெற்றவர்களுக்கும் ஒரு லீற்றரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எரிபொருள் கடல் கடந்தே வர வேண்டும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போர்க்கு ஒன்று. டீசல் முற்றாகத் தீர்ந்தால் குழாயினுட் காற்றுப் புகுந்துவிடும். பின் டீசல் ஊற்றினாலும், காற்றை வெளியேற்றும்வரை பல இயந்திரங்கள் கிளம்பா. மாரி உழவுக்கு ஈரம் காத்திராது. இவற்றின் தாங்கிவாய் பெரும்பாலும் நேர்கீழாக இருப்பதால், தூய மூங்கிற் குச்சியே போதிய மானியாகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வெறுந்தாங்கியில் 5 லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நனைந்த அளவிற் கத்தியாற் கோடு கீறிக்கொள்ளுங்கள். கார்களின் வாய்க்குழாய் வளைந்திருப்பதாற் குச்சி செல்லாது. அவற்றில் மானியைத் திருத்தியபின் இவ்வாறே அளந்து ஊற்றி, முள் நிற்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.