விரலளவு ஏடு

பல்கலைக்கழக மாணவி ஒருத்தி புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினாள் என்று கொள்க. விலைக்கு ஏற்றவாறு அதன் சேமிப்பகம் சிறிது. 256 கிகாபைற்று மட்டுமே. வாங்கி ஒரு மாதம் நிறைவதற்குள், அவள் கள ஆய்வின் பொருட்டு ஊர் ஊராகச் சென்று, முதியோர் கூறிய பழங்கதைகளையும் பாடிய தாலாட்டுகளையும் ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்து அக்கணினியை நிரப்பிவிட்டாள். இனி அதில் இடமில்லை. ஆகவே, 1 டெராபைற்று கொள்ளும் வேறொரு சேமிப்பகத்தை வாங்கி, உள்ளதைக் கழற்றிவிட்டு அதனைப் பொருத்த எண்ணுகிறாள். கடைக்காரர் அது பத்து நிமிட வேலை என்கிறார். அவர் கூறுவது உண்மையே. ஆயினும், அவள் பதிவுசெய்த முதியோருள் ஒருவர் சென்ற வாரம் காலமாகிவிட்டார். அக்குரலை இனி ஒருமுறை பதிவுசெய்தல் இயலாது. எனவே, அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்வது எங்ஙனம், அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை யாவை என்பன அறியற்பாலன.

சேமிப்பகம் என்பது, மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதை மறவாது வைத்திருக்கும் கணினி உறுப்பாகும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சேமிப்பகம், 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகளைக் கொண்டிருந்தது. அதன் நிறை ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. அது கொண்ட எழுத்துகளோ ஏறத்தாழ ஐம்பது இலட்சம். மாணவி இன்று உள்ளங்கையில் ஏந்தியிருக்கும் தகடு 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உடையது. ஒரு விரலுக்கு ஒப்பானது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று என்று கணக்கிட்டால், இத்தகடு கொள்வது ஓர் இலட்சம் கோடி எழுத்து. அதாவது, அந்தப் பழைய பேரியந்திரத்தைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு இவ்விரலளவிலே அடங்கியுள்ளது.

வன்தட்டிலே காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழலும். அவற்றின்மீது ஒரு முனை நகர்ந்து படிக்கும். இத்தகட்டிலோ சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதனாலேயே இது திண்மநிலைச் சேமிப்பகம் எனப்பட்டது, கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று வழங்கும். இதற்கு அடிப்படையான கருத்தை 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டவொன் காங், சைமன் சே ஆகிய இருவரும் வெளியிட்டனர். மின்கடத்தாப் பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட சிறு அறை ஒன்றினுள் இலத்திரன்களைப் புகுத்திவிட்டால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே சிறைப்பட்டிருக்கும் என்பதே அக்கருத்து. இதனை வளர்த்து, பெருந்தொகையான அறைகளை ஒருங்கே அழித்து மீண்டும் எழுதவல்ல நினைவகத்தை ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1984ஆம் ஆண்டில் அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் ஐ.பி.எம். மடிக்கணினிகளுக்கெனச் செய்யப்பட்ட திண்மநிலைச் சேமிப்பகம் கொண்டது 20 மெகாபைற்று; அதன் விலை ஏறத்தாழ 1,000 டொலர்.

ஓர் அறையை ஒரு மூடிய குடத்திற்கு ஒப்பிடலாம். குடத்திலே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டு ஒரு செய்தியைக் குறிப்பதுபோல, அறையில் சிறைப்பட்ட மின்னேற்றத்தின் அளவைக் கொண்டு எண்கள் குறிக்கப்படுகின்றன. இன்றைய தகடுகள் பலவற்றில் ஒரே அறையில் எட்டு மட்டங்கள் பிரித்தறியப்படுகின்றன, சிலவற்றில் பதினாறு. மட்டங்கள் நெருங்க நெருங்கக் கொள்ளளவு பெருகும். பிழை நேரும் வாய்ப்பும் பெருகும். அப்பிழைகளைக் கண்டு திருத்துவதற்கும், எந்த அறையில் எது இருக்கிறது என்னும் கணக்கை வைத்திருப்பதற்கும் தகட்டிலேயே கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று அமைந்துள்ளது.

எழுதி அழிக்குந்தோறும் அறையைச் சூழ்ந்த காவலிப் படலம் சிறிது சிறிதாகத் தேயும். எனினும், இதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. 1 டெராபைற்றுத் தகடுகள் பலவற்றுக்கு 600 டெராபைற்று எழுதும்வரை உற்பத்தியாளர் உறுதி தருகின்றனர். நாளொன்றுக்கு 50 கிகாபைற்று வீதம் எழுதினாலும் அந்த அளவை எட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அஞ்சத்தக்கது வேறொன்று. பழைய வன்தட்டு பழுதுறுமுன் பல வேளைகளிலே ஒலி எழுப்பி எச்சரிக்கும். திண்மநிலைத் தகடோ, அதன் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதுற்றால், முதல்நாள் மாலைவரை வேலைசெய்துவிட்டு மறுநாட் காலையில் வாய்திறவாது கிடக்கும். தவறுதலாக அழித்ததை மீட்பதும் இதில் அரிது. அழிக்கப்பட்ட அறைகளை அது தானாகவே துப்புரவு செய்துவிடும். விரைவு மிகுந்த இக்கருவி, பிழை பொறுப்பதில் வன்தட்டிலும் கடுமையானது.

இனி, வாங்குமுன் நோக்கவேண்டியவை சில. முதலாவது, கணினியின் சேமிப்பகம் கழற்றத்தக்கதா என்பது. சில மடிக்கணினிகளில் அது தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அங்கே மாற்றுவதற்கு எதுவும் இல்லை. இரண்டாவது, நீளம். எம்.2 என்னும் வகைத் தகடுகள் 80, 42, 30 மில்லிமீற்றர் நீளங்களில் மிகுதியாக விற்கப்படுகின்றன. கணினியிலுள்ள இடத்திற்கு ஏற்றதே பொருந்தும். மூன்றாவது, தகடு பேசும் மொழி. தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், சில தகடுகள் சாட்டா என்னும் முறையிலும் வேறு சில என்.வி.எம்.இ. என்னும் முறையிலும் கணினியோடு தொடர்புகொள்ளும். முன்னது செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைற்று வேகத்தோடு நின்றுவிடும். பின்னது 3,500 மெகாபைற்றையும் அதற்கு மேலும் எட்டும். ஒன்றை ஏற்கும் பொருத்துவாய் மற்றதை ஏற்காதிருத்தலும் உண்டு. இம்மூன்றையும் கணினியின் கைந்நூலில் காணலாம். மேல்மூடியைத் திறப்பதால் உத்தரவாதம் நீங்குமோ என்பதையும் அப்போதே படித்தறிதல் நன்று.

பொருந்தும் தகடு கைக்கு வந்தபின், திருப்புளியைத் தொடுவதற்கு முன்னர்ச் செய்யவேண்டியது படியெடுத்தல். மாணவி தன் பதிவுகள் அனைத்தையும் வெளிச் சேமிப்பகம் ஒன்றில் பிரதி செய்யவேண்டும். பிரதி செய்தால் மட்டும் போதாது. அவற்றுள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து கேட்டுப் பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத பிரதி பிரதியாகாது.

இங்கே பலரும் அறியாத இடர் ஒன்று உண்டு. விண்டோஸ் முறைமையுடைய புதிய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் தம் மைக்ரோசொவ்ற் கணக்கைக் கொண்டு முதன்முறை நுழைந்தவுடன், சேமிப்பகம் முழுவதும் அவர் கேளாமலே மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. திருடன் கையில் சிக்கினால் அவன் படிக்கலாகாது என்பதே இதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் அத்தகடு அதே கணினியில் இருக்கும்வரையே பூட்டு தானாகத் திறக்கும். கழற்றி வேறோர் இடத்தில் இணைத்தால் 48 இலக்கங்களைக் கொண்ட மீட்பு எண்ணை அது கேட்கும். அவ்வெண் இல்லையேல் உரிமையாளரும் திருடனும் அதற்கு ஒன்றே. ஆகவே, அந்த எண்ணைத் தம் கணக்கிலிருந்து தேடியெடுத்து, கணினியில் அன்றிக் காகிதத்திலே எழுதி வைத்தல் இன்றியமையாதது.

பழைய தகட்டில் உள்ளதை அவ்வாறே புதியதற்கு மாற்றுவதும் ஒரு வழி. புதிய தகட்டை யூ.எஸ்.பி. உறை ஒன்றிலிட்டுக் கணினியோடு இணைத்து, அதற்கென அமைந்த மென்பொருளால் முழுப்படி எடுக்கலாம். அங்ஙனம் செய்வதாயின் மறைகுறியாக்கத்தை முன்னதாக முற்றும் நீக்கிக்கொள்வது பாதுகாப்பானது. முறைமையைப் புதிதாக நிறுவ விரும்புவோர், குறைந்தது 8 கிகாபைற்று கொள்ளும் யூ.எஸ்.பி. நினைவுக்கோலில் நிறுவற் கோப்புகளை ஆயத்தஞ் செய்து வைத்திருத்தல் வேண்டும்.

இவை முடிந்தபின் வருவதே அந்தப் பத்து நிமிட வேலை. கணினியை உறங்கவிடாது முற்றாக நிறுத்தி, மின்னேற்றியின் இணைப்பையும் அகற்றவேண்டும். மேசையிலே மெல்லிய துணியை விரித்து அதன்மேற் கணினியைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அடிமூடியின் திருகாணிகள் யாவும் ஒரே நீளமுடையன அல்ல. குறுகிய ஆணிக்குரிய துளையில் நீண்ட ஆணியை இறுக்கினால் அது உள்ளே உள்ளதைத் துளைத்துவிடும். ஆகையால், காகிதத்தில் மூடியின் படத்தை வரைந்து, கழற்றிய ஆணிகளை அவ்வவ்விடத்திலேயே வைப்பது தேர்ந்தோர் வழக்கம். மூடியை நெம்புவதற்குக் கத்தி ஆகாது. மெல்லிய பிளாத்திக்குத் துண்டு போதும். உள்ளே மின்கலவடுக்கு இருக்கும். அதன் இணைப்பியை மெதுவாகக் கழற்றிவிட்டே வேறெதனையும் தொடவேண்டும்; அடுக்கைக் கூர்மையான எதனாலும் தீண்டலாகாது.

மனித உடலில் சேரும் நிலைமின்னும் கவனத்திற்குரியது. தீப்பொறிபோல் கையிற் சுரீரென்று உணரப்படும்போது அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்று அளவினது. உணரமுடியாத அளவான சில நூறு வோல்ற்றும் நுண்சில்லுகளைப் பழுதாக்கக்கூடும். ஈரக்காற்றில் இந்த இடர் குறைவு. குளிரூட்டிய உலர்ந்த அறையில் மிகுதி. புவியோடு இணைந்த உலோகப் பொருள் ஒன்றை இடையிடையே தொட்டுக்கொள்வதும், தகட்டின் விளிம்பை மட்டும் பற்றுவதும் தக்க காப்பாகும்.

தகட்டின் ஒரு முனையைப் பிடித்துள்ள சிறு திருகாணியைக் கழற்றியவுடன் அம்முனை தானாகவே சற்று மேலெழும். அந்தச் சரிவிலேயே தகட்டை வெளியே இழுக்கலாம். புதிய தகட்டையும் அதே சரிவில், அதன் வெட்டுவாய் பொருத்துவாயின் மேட்டோடு நேராகும்படி வைத்து உட்செலுத்தவேண்டும். சரியாக அமர்ந்தால் பொன்னிற முனைகள் ஏறத்தாழ மறைந்துவிடும். மறையாவிடின் வலிந்து தள்ளாது வெளியே எடுத்து மீண்டும் முயல்வதே முறை. பின்னர் மேலெழுந்த முனையைத் தாழ்த்தித் திருகாணியைப் பூட்டவேண்டும். ஆணி நின்ற இடத்தில் கையும் நிற்கவேண்டும். வெப்பம் கடத்தும் மென்பட்டை இருந்ததாயின், அதனை முன்போல் வைக்க மறத்தலாகாது. பின்னர் மின்கலவடுக்கை மீண்டும் இணைத்து மூடியைப் பொருத்தலாம்.

கணினியை இயக்கும்போது, முறைமையை நிறுவுமுன், அதன் நிலைபொருட் பட்டியலில் புதிய தகட்டின் பெயர் தோன்றுகிறதா என்று பார்க்கவேண்டும். தோன்றாவிடின் தகடு சரியாக அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அங்கே தோன்றியும் நிறுவல் மென்பொருள் தகட்டைக் காணவில்லையாயின், இன்ரெல் சில்லுடைய சில கணினிகளில் சேமிப்பகத்துக்குரிய இயக்கி மென்பொருளை முதலில் ஏற்றவேண்டியிருக்கும். அதனை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே பெற்றுவைத்தால் நள்ளிரவு அலைச்சல் மிச்சமாகும். 1 டெராபைற்று என்று வாங்கியது விண்டோஸ் முறைமையில் 931 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகக் கருதவேண்டுவதில்லை. உற்பத்தியாளர் பத்தின் அடுக்குகளாலும் முறைமை இரண்டின் அடுக்குகளாலும் எண்ணுவதால் விளைந்த வேறுபாடு அது.

எல்லாம் இனிதே முடிந்தபின், கழற்றிய பழைய தகட்டை உடனே துடைத்துவிடும் ஆசை எழும். அதனை அடக்குதல் வேண்டும். சில வாரங்களேனும் அது தீண்டப்படாது பெட்டியில் உறங்கட்டும். புதியதில் எல்லாம் உண்டென்று தெளிந்த பின்னர் வேறு பணிக்குக் கொள்ளலாம். ஆனால் அதனையே நெடுங்காலக் காப்பகமாக நம்பிவிடலாகாது. மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அறைகளிலுள்ள இலத்திரன்கள் மெல்லக் கசியும். மிகவும் தேய்ந்த தகட்டில் அது இன்னும் விரைவாக நிகழும்.

ஓலையில் எழுதிய காலத்தவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலை உதிரும், பூச்சி அரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய நூல்கள் இன்றுவரை வந்து சேர்ந்தமைக்குக் காரணம் ஓலையின் உறுதியன்று. ஏடு நைவதற்கு முன்னரே அடுத்த ஏட்டிற் படியெடுத்தோரின் கைகளே. ஒரே படியாக ஒரே வீட்டிற் கிடந்த நூல்கள் பல அவ்வீட்டோடு மறைந்தன. இலத்திரனை அடைத்துவைக்கும் இன்றைய ஏடும் இவ்விதிக்கு விலக்கன்று.

மாணவியின் கணினி இப்பொழுது முன்னிலும் விரைவாக இயங்குகிறது. இடமும் நிறைய உண்டு. அந்த முதியவரின் தாலாட்டு புதிய தகட்டில் ஒன்று, மேசை அறையிலுள்ள வெளிச் சேமிப்பகத்தில் ஒன்று, வேறோர் ஊரில் வாழும் அவருடைய மகள் வீட்டில் ஒன்று என மூன்று படிகளாக இருக்கிறது. இவற்றுள் எந்த ஒன்று நாளை வாய்திறவாது போனாலும் அக்குரல் போகாது. திருகாணியைக் கழற்றிப் பூட்டியது பத்து நிமிடம். இம்மூன்று படிகளை எடுத்துச் சரிபார்க்க அவளுக்கு இரண்டு நாட்கள் சென்றன. உண்மையான வேலை அந்த இரண்டு நாட்களிலேயே நடந்தது.