அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி வாசிப்போம்

(பொழிச்சலூரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும், முன்னால் பாயில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். விமானம் போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்வேன். நம் ஊருக்கு அது பழகியதுதான்.

இன்று நாம் ஒரு முடிவெடுக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள ஒரு தமிழ் வகுப்பும் நம் பிள்ளைகளும் ஆறு வாரம் ஒரே புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, செல்பேசி வழியாகப் பேசிக்கொள்ளலாம் என்று யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோளும் வந்திருக்கிறது: 'சாதி வராத பொதுவான கதையாக இருக்கட்டும்.' இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுத்தான் படிப்பகத் தோழர்கள் என்னை அழைத்தார்கள்.

உலகத்தின் பல வகுப்பறைகளை ஒரே கதையால் இணைக்கும் முயற்சியை அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த பெர்னில் ரிப் 2010இல் தொடங்கினார். 'குளோபல் ரீட் அலவுட்' என்று பெயர். ஆசிரியர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள், வேறொரு நாட்டில் அதே கதையைக் கேட்ட பிள்ளைகளோடு பேசுவார்கள். இதைக் கேட்டதும் ஏதோ புதுசு என்று நமக்குத் தோன்றலாம். நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதுசில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் சித்த மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள். அந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். விலை ஒரு பைசா. பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கும், ரங்கூனுக்கும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிழைக்கப் போனவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அங்கெல்லாம் பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. எழுத்து தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்துப் பத்திரிகை வாசிப்பின் வழக்கம். பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாத மக்கள் கடல் தாண்டி ஒரே எழுத்தைப் படித்தார்கள். அந்த எழுத்து சாதியை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களை இணைக்கவில்லை. சாதியைக் கேள்வி கேட்டுத்தான் இணைத்தது.

இனி என் கதை. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு 'ழ' வராது. பொழிச்சலூரையே 'பொலிச்சலூர்' என்றுதான் சொல்வேன், வீட்டில் எல்லாரும் அப்படித்தான். வகுப்பு சிரித்தது. 'அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நாக்கு புரளாது, உட்காரு' என்றார் ஆசிரியர். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முடியும்வரை என்னை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. இன்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க எழுந்தால் இப்போதும் முதலில் 'ழ' எங்கே வருகிறது என்றுதான் கண் தேடும்.

அதனால் சொல்கிறேன், சத்தமாக வாசிப்பது சின்ன விஷயமில்லை. யார் வாசிக்கிறார், யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார் என்பதில் சாதி இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு தேடி வந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதையே ஒரு குழு எழுதிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். கடல் தாண்டிய வகுப்போடு பேசுவது சுலபம், அடுத்த தெருப் பிள்ளையோடு ஒரே பாயில் உட்காருவதுதான் கஷ்டம்.

சரி, எந்தப் புத்தகம்? அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நான் முன்மொழிகிறேன். அது நாவல் இல்லை, அவர் வாழ்வில் நடந்ததும் மற்றவர்களுக்கு நடந்ததும். ஆறு பகுதிகள், நமக்கும் ஆறு வாரம். முதல் பகுதி 1901இல் நடக்கிறது. ஏறக்குறைய பத்து வயதுப் பையன் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறான். இறங்கிய நிலையத்தில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகர் சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி தந்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் நடந்து வருகிறார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? கொலம்பியா பல்கலைக்கழகம் பாடமாக வைத்திருப்பதை வெளிநாட்டுத் தமிழ் வகுப்பு படிக்கக் கூடாதா?

ஒரு அக்கா கூட்டத்துக்கு முன்பு என்னிடம் கேட்டார்: 'தம்பி, பிள்ளைங்க சந்தோஷமா படிக்கட்டுமே, அந்த வலியை ஏன் இப்பவே காட்டணும்?' நியாயமான கேள்வி. அதனால் மூன்று நிபந்தனைகள் வைப்போம். ஒன்று, 'உனக்கு என்ன நடந்தது சொல்லு' என்று நம் பிள்ளைகளை யாரும் கேட்கக் கூடாது. அவர்கள் அழுது காட்ட வரவில்லை, வாசிக்க வருகிறார்கள். இரண்டு, வண்டிக்காரர் ஏன் மறுத்தார் என்ற கேள்விக்கு முதலில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் விசாரித்துப் பதில் சொல்லட்டும். மூன்று, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும். 'ழ' வராவிட்டாலும் யாரும் நடுவில் திருத்தக் கூடாது.

இதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் மகிழ்ச்சி. மறுத்தால் நஷ்டம் நமக்கில்லை. கோலார் தங்கவயலில் நம் சொந்தங்கள் இருக்கிறார்கள், அங்கே ஒரு படிப்பகத்தைக் கேட்போம். எதற்கும் முன்னால், நாளை மாலை அடுத்த தெருவுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளையும் கூப்பிடுவோம். வந்தால் பாயை இன்னும் கொஞ்சம் விரிப்போம். வராவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தமாக வாசிப்போம்.

முதல் பக்கத்தை இப்போது நான் வாசிக்கிறேன். 'ழ' தப்பினால் சிரிக்கலாம், ஆனால் உட்காரு என்று மட்டும் சொல்லாதீர்கள்.