ஆறும்போது பருக்கும் பீங்கான்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாம் விஞ்ஞானம் பேசப் புகுவது துணிவே. எனினும் பல் வைத்தியர் பொருத்தும் வெண்ணிறப் பல்லுறை நம் காலனியில் பலர் வாயில் குடியேறிவிட்டமையின், அதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

அவ்வுறைகளுட் பல, சிர்க்கோனியா என்னும் உலோக ஆக்ஸைடால் ஆனவை. இதன் மூலப்பொருளான சிர்க்கான், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. அதைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கி, நீரிற் கழுவி, அமிலத்தில் கரைத்து, அம்மோனியா சேர்த்தால் வெண்மையான வீழ்படிவு இறங்கும். உலர்த்திச் சுட்டால் தூள் கிடைக்கும்.

தூள் கிடைத்ததும் கலம் வனைந்துவிடலாம் என்று எண்ணற்க. தூய சிர்க்கோனியாவின் அணுக்கள் வெப்பத்துக்கேற்பத் தம் அணிவகுப்பை மாற்றுகின்றன: சுமார் 1170 பாகை செல்சியஸில் ஒருமுறை, 2370 பாகையில் மறுமுறை. வெயிலில் நீளும் தண்டவாளம் இரவிற் குறுகுவதை ரெயில்வேக்காரர் அறிவர். இதுவோ, ஆறி வருகையில் முதல் அணிவகுப்புக்குத் திரும்புங்கால், நூற்றுக்கு நான்கு பங்களவு பருக்கிறது! சூளையில் முழுதாய் நின்ற கலம் ஆறுமுன் விரிந்து போகும். தூய்மையே குற்றமான விந்தைப் பொருள்.

பரிகாரம் தூள் செய்யும்போதே தொடங்குகிறது. கரைசலிலேயே இட்ரியம் உப்பைச் சேர்த்து, இரண்டையும் ஒருங்கே வீழ்படியச் செய்வர். நூறு மூலக்கூறுக்கு மூன்று இட்ரியா போதும். தூள்களைப் பின்னர் கலப்பதினும் இதுவே நன்று; அணுவோடு அணு கலந்துவிடும். மணிகளும் ஒரு மைக்ரானுக்குக் குறைவாக இருப்பின், நடு அணிவகுப்பு சாதாரண வெப்பத்திலும் கலையாது நிற்கும். இவ்வாறு நிறுத்தப்பட்ட பீங்கானில் கீறல் ஓட முற்பட்டால், அதன் முனையிலுள்ள மணிகள் உருமாறிப் பருத்துக் கீறலை நெருக்கி அடக்கும். இதனை 1975இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ ஆகிய மூவர் வெளியிட்டனர். கலத்தை உடைத்த பருமனே காவலாயிற்று!

ஆயினும் ஈரம் இதற்குப் பகை. மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்ல உருமாற்றும். இடுப்பு மூட்டுக்கு இதனாற் பந்து செய்து பொருத்தி வந்த காலத்தில், ஐரோப்பிய நிறுவனம் ஒன்று 1998இல் சூளையின் வகையை மாற்றியது. அச்சூளையில் வெந்த பந்துகளுட் சில, நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. அவர்கள் மறுபடியும் கத்திக்கு உடன்பட வேண்டியதாயிற்று. 2001இல் அப்பந்துகள் விற்பனையினின்று மீட்கப்பட்டன. சூளைக்காரரின் வேலையைச் சிறிதென்று எண்ணுவோர் இதனைக் கேட்க வேண்டும்.

இன்று இடுப்புப் பந்துகளிற் பல, அலுமினா பெரும்பகுதியும் சிர்க்கோனியா சிறுபகுதியுமாகக் கலந்து செய்யப்படுகின்றன. பல்லுறையிலோ சிர்க்கோனியாவே முதலிடம் வகிக்கிறது.