சபர் முடிந்து வீடு





பயணம் போய் வீடு திரும்பும் சுகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர், இரவுக்குள் பினாங்கு. வீட்டில் ஒரு தே தாரிக் குடித்தால் அலுப்பு போய்விடும். நம் வாப்பாமார்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. நம்மவர் பேச்சில் சபர் என்றால் சுற்றுலா அல்ல, பிழைப்பு. பிழைக்கப் போனவர் சபராளி. பொறுமைக்கான அரபுச் சொல்லும் நம் வாயில் சபர் என்றே வரும். ஊரில் காத்திருந்த பெண்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

பயணக் காரியம் முடிந்தால் தாமதிக்காமல் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நெடுநாள் கழித்து வருபவர் சொல்லாமல் இரவில் போய் வீட்டுக் கதவைத் தட்டுவதையும் அவர்கள் விரும்பவில்லை. ஊர் திரும்பினால் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவார்கள்.

என் வாப்பா பின்னிரண்டையும் தவறவிட்டதில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் தந்தி அடித்துவிட்டு, பகலில் வந்து சேரும்படிதான் ரயில் ஏறுவார். முதலாவதுதான் முடியவில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர். சில மாதங்களில் மறுபடி ராஜுலா. 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. டெக்கில் பாய் விரித்து ஐந்தாறு நாள். பினாங்கு மலை தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்களாம். கப்பலில் அம்மை கண்டிருந்தால் ஜெரஜாக் தீவில் இறக்கிவிடுவார்கள். மலை எதிரிலேயே தெரியும், கரைக்குப் போக முடியாது.

இறங்கியதும் பெட்டியைத் திரிஷாவில் ஏற்றிக்கொண்டு நேரே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தொழுதுவிட்டுச் சூலியா தெரு. வீடு என்றா சொல்வது? கடை மாடியில் ஒரு பாய், சட்டை மாட்ட ஓர் ஆணி. "உங்க வாப்பா அங்கேயும் விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி" என்று உம்மா சொல்வார்கள்.

பக்கத்துப் பாய்க்காரர் ஒருவர் இருந்தார். வாப்பாவைவிட நாலைந்து வருடம் முன்னால் வந்தவர். மெர்டேக்காவுக்குப் பிறகு வாப்பா குடியுரிமைப் பாரம் நிரப்பினார். அவர், "ஊருக்குப் போகப்போகிற ஆளுக்கு அது எதற்கு" என்று விட்டுவிட்டார். 1969க்குப் பிறகு சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானது. அவருக்குக் கிடைக்கவில்லை. நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி, மற்றதெல்லாம் பினாங்கு. பள்ளியில் இப்போது பாங்கு சொல்வது யார், கடைக்கு வெள்ளை அடித்தார்களா, மழை பிடித்துவிட்டதா என்றெல்லாம் கேட்டிருப்பார். இந்தப் பொன்விழா மலரில் நிர்வாகிகளின் படங்கள் இருக்கின்றன, சந்தோஷம். பெர்மிட் இல்லாமல் போனவர்களின் பெயர்கள் இல்லை. அப்படிப்பட்ட கடிதங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் கிடக்கும். பழைய தாள் என்று போட்டுவிடாமல் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.

வாப்பாவிடம் குடியுரிமைப் பத்திரம் இருந்ததால் 1962ல் உம்மாவும் நானும் வந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. துறைமுகத்திலிருந்து எங்களையும் முதலில் பள்ளிவாசலுக்குத்தான் அழைத்துப் போனார். பிறகு புதிதாக வாடகைக்குப் பிடித்திருந்த ஒற்றை அறை. ஊருக்கு வந்தால் வாப்பா இரவில் சரியாகத் தூங்கமாட்டாராம். கப்பலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே புரளுவாராம். அன்று இஷா முடிந்து படுத்தவர், சுபுஹு பாங்கு சொல்லியும் எழவில்லை. உம்மாதான் தொட்டு எழுப்பினார்கள்.