பிறவிப் பட்டமும் விளையாட்டு மைதானமும்

(அருப்புக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



விளையாட்டில் பிறவிப் பட்டத்துக்கும் பரம்பரை மரியாதைக்கும் என்ன வேலை என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசலாமென்று கருதுகிறோம். மழை பொய்த்து, கம்மாய் வறண்டு, சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் கரிசல் காட்டில் வந்து நின்று விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. உலகத்தில் எந்த வேலையிலும் ஒருவன் யோக்கியதையை மறைத்துப் பொய் சொல்ல இடமுண்டு. விளையாட்டில் மட்டும் அப்படிச் சொல்வது மிகவும் கஷ்டம். நம் ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை யோசித்துப் பாருங்கள். தூக்குகிறவன் எந்தத் தெருக்காரன், யார் மகன் என்று அந்தக் கல் கேட்கிறதா? புஜத்தில் பலமிருந்தால் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். இவ்வளவு வெளிப்படையான இடத்திலேயே பிறவி உயர்வு புகுந்து ஆட்சி செய்திருக்கிறதென்றால், மற்ற இடங்களில் அது என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே அளந்து கொள்ளலாம்.

முதலில் வெள்ளைக்காரன் தேசத்தைப் பார்ப்போம். ஜாதி நமக்குத்தான் உண்டு, அவனுக்கில்லை என்று நம்மவர்களில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கிரிக்கெட் பந்தாட்டக்காரர்களை 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்கள்' என்றும் இரு பிரிவாக வைத்திருந்தார்கள். கூலி வாங்காமல் ஆடும் செல்வந்தன் கனவான். கூலிக்கு ஆடுகிறவன் வெறும் ஆட்டக்காரன். இருவரும் உடை மாற்றும் அறை வேறு. மைதானத்துக்குள் இறங்கும் வாசல்கூட வேறு. ஆட்டப் பட்டியலில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், மற்றவனுக்குப் பின்னால்! பரம்பரைப் பிரபுவாகிய லார்டு ஹாக் என்பவர், கூலிக்கு ஆடுகிறவன் ஒருவன் இங்கிலாந்துக்குக் காப்டனாக வரும்படி கடவுள் விட்டுவிடக்கூடாது என்ற பொருளில் 1925ல் பகிரங்கமாகவே பேசினார். அந்த நூற்றாண்டில் அப்படிப்பட்ட ஒருவர், லென் ஹட்டன் என்பவர், அங்கே காப்டனாக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினையையே 1962ல்தான் எடுத்தார்கள். மைதானக் காவலாளியின் மகனான ஜாக் ஹாப்ஸ் உலகமே புகழ ஆடியவர். அவருக்கு 'சர்' பட்டம் வந்ததோ 1953ல்; ஆட்டத்தை விட்டு 19 வருஷம் கழித்து!

படகுப் பந்தயத்தில் இன்னும் மோசம். ஹென்லி என்னுமிடத்தில் நடக்கும் பந்தயத்தில் கைத்தொழிலாளியும் கூலிக்காரனும் சேரக்கூடாது என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கொத்து வேலை செய்த கெல்லி என்பவர் 1920ல் மனுச் செய்தபோது தள்ளிவிட்டார்கள். கையால் உழைத்தவர் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அந்தக் கொத்தனாரே இங்கிலாந்துக்காரரைத் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். தண்ணீருக்குத் தெரிந்த நியாயம் பிரபுக்களுக்குத் தெரியவில்லை!

நிற்க, நம் தேசத்துக் கதைக்கு வருவோம். 1911ல் இந்தியாவிலிருந்து ஒரு கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்து போயிற்று. அதற்குக் காப்டன் 19 வயதுள்ள பாட்டியாலா மகாராஜா. அவர் ஆடியது சில ஆட்டங்களே. அந்தப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்துக் கோஷ்டியின் மானத்தைக் காப்பாற்றியவர் பல்வங்கர் பாலு. அவர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூனாவில் மைதான வேலையாளாக இருந்தவர். அவர் போட்ட பந்தைத் தொட்டார்கள். ஆனால் அவருக்கு டீ கொடுத்தது மண் கோப்பையில், கொட்டகைக்கு வெளியே! பம்பாய்ப் பந்தயங்களில் இந்துக் கோஷ்டிக்கு அவரைக் கடைசி வரை காப்டனாக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923ல் காப்டனானதே பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான்.

1936ஆம் வருஷத்து விஷயம் இதைவிட விசேஷமானது. அந்த வருஷம் இங்கிலாந்து சென்ற கோஷ்டிக்குக் காப்டன், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த விஜயநகரம் மகாராஜகுமார். மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஆறு தடவை மட்டை பிடித்து அவர் எடுத்த ரன் மொத்தம் 33. மூன்றில் இரண்டு தோல்வி. இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்த லாலா அமர்நாத்தை, ஒழுங்கு மீறினார் என்று சொல்லி, முதல் டெஸ்ட் தொடங்குமுன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்து, அமர்நாத் மீது குற்றமில்லையென்றும் காப்டன் வேலையே சரியில்லையென்றும் ஏற்பட்டது. ஆனால் அந்தப் பயணத்தின் நடுவிலேயே மகாராஜகுமாருக்கு 'சர்' பட்டம் கிடைத்துவிட்டது! மான்செஸ்டரில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் சேர்ந்து 203 ரன் எடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டமும் இல்லை.

அதே கோஷ்டியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எம்.ஜே. கோபாலன். செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்து, சென்னையில் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1934ல் ரஞ்சிப் பந்தயம் ஆரம்பமானபோது சேப்பாக்கத்தில் முதல் பந்தை வீசியவர் இவர்தான். ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1936ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போவதா, கிரிக்கெட்டுக்கு இங்கிலாந்து போவதா என்று வந்தபோது கிரிக்கெட்டுக்குப் போனார். பெர்லின் போனவர்கள் தங்கப் பதக்கத்துடன் திரும்பினார்கள். இங்கிலாந்து போன கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. பட்டத்தோடு பிறந்தவருக்கோ மூன்றிலும் இடம். அதுவும் தலைமை இடம். பின்னால் 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த பந்தயக் கோப்பைக்குக் கோபாலன் பெயரை வைத்தார்கள். அதுதான் சம்பாதித்த மரியாதை. அது அவர் உழைப்போடு வந்தது. அவர் பிள்ளைக்குப் பாத்தியதையாகப் போகாது.

இதற்குச் சிலர் இரண்டு சமாதானம் சொல்லுகிறார்கள். ஒன்று, ராஜாக்கள் பணம் கொடுத்திராவிட்டால் விளையாட்டே வளர்ந்திராது என்பது. கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அவர்கள் மண்வெட்டி பிடித்துச் சம்பாதித்ததா? 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை குடியானவன் அளந்த வாரமும் கட்டிய தீர்வையுமல்லவா ஜமீன்களின் செல்வம்? உங்கள் பாட்டன்மார் அதை அறிவார்கள். நம் பணத்தை வாங்கி நமக்கே கொஞ்சம் கொடுத்துவிட்டு, தலைமை தனக்கென்று கேட்பதை உபகாரம் என்பதா, வியாபாரம் என்பதா?

இரண்டாவது, பட்டௌடி நவாப் நன்றாக ஆடவில்லையா என்கிறார்கள். நன்றாகத்தான் ஆடினார். ஒரு கண்ணில் பார்வை போன பிறகும் ஆடி, 1962ல் 21 வயதில் காப்டனானார். ஆனால் 1971ல் அரசியல் சட்டத் திருத்தத்தால் ராஜ பட்டங்களும் மானியமும் ஒழிந்தன. அதற்குப் பிறகு அவர் மன்சூர் அலி கான் என்ற வெறும் பெயரோடு மறுபடியும் ஆடி, 1974ல் மறுபடியும் காப்டனாக வந்தார். பட்டம் போனபோது ஆட்டம் போகவில்லையே! அப்படியானால் ஆட்டம் பட்டத்தில் இருந்ததா, அவர் கையிலும் மூளையிலும் இருந்ததா? இந்தச் சாட்சி நம் கட்சிக்கே சாட்சி.

தோழர்களே! ராஜாக்கள் போய்விட்டார்கள். பட்டம் கூடாதென்று அரசியல் சட்டத்தின் 18வது பிரிவு 1950லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னே 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் செய்து, பலர் விட்டும் காட்டினார்கள். ஆனால் நம் மந்தையில் என்ன நடக்கிறது? ஜல்லிக்கட்டுக்காக 2017ல் சென்னைக் கடற்கரையில் வாலிபர்கள் லக்ஷக்கணக்கில் கூடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ன ஜாதி என்று கேட்காமல், தமிழன் விளையாட்டு என்று ஒரே குரலில் சொன்னார்கள். 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சந்தோஷம். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் எந்த வகையறாவுக்கு, முதலில் எந்தக் குடும்பத்து மாடு என்று அடிதடியும் கோர்ட்டுமாக நிற்கும் ஊர்கள் எத்தனை? தமிழன் விளையாட்டு என்பது கடற்கரையில் மட்டும்தானா?

மாட்டின் திமிலைப் பிடித்துக் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவன் ஒருவன். கட்டிலில் உட்கார்ந்தபடி மாலை வாங்குகிறவன் இன்னொருவன். அவன் செய்த வீரம் என்ன? அவன் தகப்பன் வாங்கினான் என்பதுதான். அந்தத் தகப்பனுக்கு அவன் தகப்பன். இப்படியே மேலே போனால், முதல் தடவை யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. இன்னொரு பக்கம், நன்றாகச் சடுகுடு பாடும் பையன், இன்ன தெருவில் பிறந்த காரணத்தால், ஊர் அணியில் சேராமல் கரையில் நிற்கிறான். இதனால் நஷ்டம் அவனுக்கு மாத்திரமா? தோற்பது உங்கள் ஊரல்லவா?

ஆகவே, வாலிபர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். உங்கள் ஊர் அணிக்குத் தலைவனை ஆடுகிறவர்களே கூடித் தேர்ந்தெடுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள்; தலைமையைக் கொடுக்காதீர்கள். ஒலிபெருக்கியில் மாட்டுக்காரன் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், ஜாதியைச் சொல்லாதீர்கள். மாலை போட வேண்டுமென்றால் போன வருஷம் ஜெயித்தவனுக்குப் போடுங்கள். அடுத்த வருஷம் அவன் தோற்றால் அது ஜெயித்தவன் கழுத்துக்குப் போகட்டும். எல்லோரும் ஒரே பானையில் தண்ணீர் குடியுங்கள். இதில் ஒன்றுக்கும் பணம் வேண்டியதில்லை. சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை. மனந்தான் வேண்டும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் நிதானமாக யோசியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால், வருகிற பொங்கலிலேயே உங்கள் மந்தையில் ஆரம்பியுங்கள்.