குறிலும் நெடிலும் பெற்ற எண்கள்

இலக்கிய நிகழ்ச்சியிலே இன்று கணக்குப் பேசப்போகின்றேன். வானொலிப் பெட்டியை மூடிவிடாதீர்கள். கணக்கு ஒத்துவராது என்று கலைப்பிரிவுக்கு வந்தவர்களுள் நானும் ஒருவன்தான்.

1, 2, 3, 5, 8, 13, 21 எனச் செல்லும் எண்வரிசை ஒன்றுண்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டைக் கூட்டினால் அதற்கடுத்த எண் வரும். ஃபிபொனாச்சி எண்கள் என்பர். பீசா நகரத்து லியோனார்டோ 1202இல் எழுதிய 'லிபர் அபாசி' என்னும் நூலிலே, ஒரு சோடி முயல் ஓராண்டில் எத்தனை சோடியாகப் பெருகும் என்று கேட்டார். விடை 377. அன்று தொட்டு இவ்வெண்கள் என்றால் எல்லோருக்கும் முயல்தான் நினைவு.

ஆனால் முயலுக்கு முன்னரே இவை யாப்பிலக்கணத்தில் இருந்தன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் படித்திருக்கின்றோம். வடமொழி, பிராகிருத யாப்பிலும் லகு ஒன்று, குரு இரண்டு. இத்தனை மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பது அங்கே எழுந்த வினா. மூன்று மாத்திரையென்றால் மூன்று லகு, லகு-குரு, குரு-லகு என மூன்று விதம். நான்குக்கு ஐந்து விதம். ஐந்துக்கு? அடி லகுவில் முடிந்தால் அதன் முன் நிற்பது நான்கு மாத்திரை. குருவில் முடிந்தால் மூன்று மாத்திரை. ஆகவே ஐந்தும் மூன்றும் எட்டு. விரகாங்கர் பிராகிருதத்தில் சொன்ன இவ்விதியைக் குஜராத்துச் சமண அறிஞர் ஹேமசந்திரர் 1150ஆம் ஆண்டளவில் தெளிவுற எழுதினார். தமிழ் யாப்போ மாத்திரையை அறிந்திருந்தும் அடியைச் சீரால் அளந்தது. இப்பெருமையில் பங்கு கேட்க நமக்கு இடமில்லை.

இயற்கையிலும் இவை உண்டு. அன்னாசியின் கண்கள் பெரும்பாலும் 8, 13 எனச் சுழல்வரிசைகளில் அமைகின்றன. சூரியகாந்தி விதைகள் பல பூக்களில் ஒருபக்கமாக 34, மறுபக்கமாக 55. பூவுக்குக் கணக்குத் தெரியாது. புதிய மொட்டு ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை விலகி அரும்புகின்றது. நெருக்கடியின்றி இடம் கிடைக்கின்றது. எண்கள் தாமாக வந்துவிடுகின்றன. நோட்டிலஸ் சங்கிலும் கிரேக்கக் கோயிலிலும் இவற்றைக் காட்டுவோரும் உளர். அளந்து பார்த்தால் பொருந்துவதில்லை. வியப்பதற்கு மெய்யானவை போதுமே!

கவிதைக்கே திரும்பி வந்த கதையும் உண்டு. டென்மார்க்குக் கவிஞர் இங்கர் கிறிஸ்தென்சன் 1981இல் வெளியிட்ட 'அல்பபெத்' என்னும் நெடும்பாட்டு, எழுத்துக்கு ஒரு பகுதியாக, அடித்தொகை 1, 2, 3, 5, 8 என ஏறிச் செல்வது. உலகில் இருப்பனவற்றையெல்லாம் அம்மையார் அடுக்குகின்றார். அப்ரிகொட் மரத்தில் தொடங்கும் அடுக்கினுள்ளே அணுகுண்டும் வந்து நிற்கின்றது. பெருக்கம் மரத்துக்கும் உண்டு, அழிவுக்கும் உண்டு. டேனிஷ் மொழிக்கு எழுத்து 29. கடைசிப் பகுதிக்கு மாத்திரம் 832,040 அடிகள் வேண்டியிருக்கும். அவர் பதினான்காம் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.